3,000 மில்லிமீட்டர் மழையில் ஒரு பூந்தோட்டம்

மெயின்லேண்டிலிருந்து போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் வந்த சில மாதத்தில் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, ஊர்ல தண்ணியே இல்லாம ரோஜா பூத்துச்சு. இங்க இவ்வளவு மழை பெய்யுது, ஏன் பட்டுப் போகுது?"

இவ்வளவு மழை பெய்வதால்தான் பட்டுப் போகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் அதைவிடவும் குறைவு. இங்கே ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்குப் போவதற்கு முன்பே, மே மூன்றாவது வாரத்தை ஒட்டி, நம் தீவுகளில் இறங்கிவிடுகிறது. அது ஓய்ந்து துணி காய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். டிசம்பர் வரை அதே கதை. பிறகு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் வெறிச்சோடிவிடும். தனிக்காரி அணையில் நீர் இறங்க இறங்கக் குழாயில் தண்ணீர் வரும் நாள்களின் இடைவெளி நீளும். எட்டு மாதம் செடி தண்ணீரில் நிற்கும், நான்கு மாதம் தண்ணீருக்கு ஏங்கும். இரண்டையும் ஒரே தொட்டி தாங்க வேண்டும்.

2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வந்துவிட்டது. பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது, இந்தப் பதிவிலும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த ஊரில் செடி வளர்க்க இரண்டு விஷயம் மனதில் பதிந்தால் போதும். முதலாவது, தண்ணீரை வடிக்கத் தெரிய வேண்டும், ஊற்றுவது அப்புறம். இரண்டாவது, இங்கே நடும் எதுவும் நம் வேலிக்குள் நிற்கும் என்று உறுதி இல்லை, அதனால் எதை நடுகிறோம் என்று யோசித்து நட வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

தொட்டியும் மண்ணும்

யூடியூபில் தமிழ்நாட்டுத் தோட்டக்காரர்கள் சொல்லும் கலவை எல்லோருக்கும் மனப்பாடம்: ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு தொழு உரம். அங்கே அது அருமையான கலவை. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வெயிலில் அதுதான் செடியைக் காப்பாற்றும். இங்கே ஜூலையில் அதே குணம் வேரை மூழ்கடிக்கும். வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. வேர் அழுகும், அழுகிய வேர் தண்ணீர் உறிஞ்சாது, மேலே இலை வாடும். வாடிய இலையைப் பார்த்ததும் நம் கை தானாகத் தண்ணீர்க் குவளையைத் தேடும். அங்கேதான் செடி முடிந்து போகிறது. மழைக்காலத்தில் ஒரு செடி வாடினால் முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்து இலை வாடினால் வேரில்தான் நோய்.

எனவே நார்க்கழிவின் இடத்தில் மட்டைத் துண்டுகளைப் போடுங்கள். உரித்த தேங்காய் மட்டையைச் சுண்டுவிரல் அளவுக்கு நறுக்கி, தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தேநீர் நிறத்தில் இறங்கும் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்தினால் இடைவெளி இருக்கும், காற்றும் போகும். அதோடு மட்கிய இலை, கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு, குவாரியிலிருந்து வரும் சின்ன ஜல்லி. தொட்டியைத் தரையில் அப்பியபடி வைக்காமல் இரண்டு ஓட்டுத் துண்டின் மேல் தூக்கி வையுங்கள். அடித் துளை பாசி பிடித்து அடைபடாமல் மாதம் ஒரு முறை குச்சியால் குத்தி விடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தை மே மாதத்தோடு நிறுத்துங்கள். வடிந்த நீர் வேரில் தேங்கும் என்பதோடு, கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் வேறில்லை.

மணல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆற்று மணலைக் கலப்பார்கள். இங்கே அப்படி மணல் தரும் ஆறு கிடையாது. இருப்பது கடற்கரை மணல். தீவுகளின் காடுகளைப் பற்றிய ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, காடு வெட்டுவதோடு இந்தக் கடற்கரை மணல் எடுப்பதற்கும் கடிவாளம் போட்டது. சட்டம் ஒரு பக்கம். செடியின் கோணத்திலும் அந்த மணல் ஆகாது. அது பெரும்பாலும் பவளமும் சிப்பியும் நொறுங்கிய தூள். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தது. ஒரு பக்கெட் எடுத்து வந்து கலந்தால் கடற்கரைக்கும் கேடு, தொட்டிக்கும் கேடு.

சுண்ணாம்பு என்ன செய்யும் என்பதை இட்லிப்பூச் செடியில் நேராகப் பார்க்கலாம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வரிசையாக நட்டிருப்பார்கள். சுவர்ப் பூச்சிலிருந்து மழை கரைத்துக் கொண்டுவரும் சுண்ணாம்பு அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். இளம் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நரம்பு மட்டும் பச்சைக் கோடாக இருக்கும், நடுவில் எல்லாம் வெளிறிய மஞ்சள். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் சுண்ணாம்பு அதைச் செடிக்குக் கிடைக்க விடாமல் செய்யும் நிலை இது. இட்லிப்பூ புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நட்டு, மட்கிய இலையை மூடாக்காகப் போட்டு, செலேட் செய்த இரும்புச் சத்தை இலையில் தெளித்தால் புது இலை பச்சையாக வரும். யூரியாவைக் கொட்டினால் இந்த மஞ்சள் போகாது.

உரமும் அப்படித்தான். ஒரே தடவையாக வைத்தால் அடுத்த மழையில் கரைந்து வாய்க்காலுக்குப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வையுங்கள். மழைக்காலத்தில் கரையும் உரத்தைவிட மண்புழு உரமும் மட்கிய மாட்டுச் சாணமும் நின்று பலன் தரும்.

விடிவது ஐந்து மணிக்கு

நாம் இந்திய நேரத்தில் கடிகாரம் வைத்திருந்தாலும் சூரியன் அந்தமான் நேரத்தில்தான் வருகிறது. ஜூன் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். உச்சி வெயில் பன்னிரண்டுக்கு முன்பே, பதினொன்றே காலை ஒட்டி வந்துவிடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்தைத் தாண்டினால் இருட்டு.

காலை எட்டு மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது தமிழ்நாட்டில் காலை நேரம், இங்கே வெயில் ஏறிய நேரம். கோடையில் ஐந்தரைக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள். அலுவலகம் விட்டு வந்து ஆறு மணிக்கு இலை நனைய ஊற்றினால் அந்த ஈரம் இரவு முழுக்கக் காயாமல் இலையில் நிற்கும். ஏற்கெனவே காற்றில் எண்பது சதவீதம் ஈரப்பதம் இருக்கும் ஊரில் பூஞ்சைக்கு இதைவிடப் பெரிய விருந்து வேண்டாம். கிழக்குப் பார்த்த பால்கனியில் மென்மையான காலை வெயில் என்று நம்பி நிழல் செடியை வைக்காதீர்கள். ஒன்பது மணிக்கே அது சுடும் வெயில்.

எதை வளர்ப்பது

என் வீட்டின் வடக்குப் பக்கம், இரண்டு தென்னைக்கு நடுவே, நிழல் வலைக்கு அடியில் ஆந்தூரியம் வரிசை இருக்கிறது. கொலம்பியா, ஈக்வடார் மழைக்காட்டிலிருந்து வந்த செடி. காட்டில் மரத்தின் மேல் தொற்றி வளரும் பழக்கம் உள்ளதால் தடித்த வேர் காற்றில் நீட்டிக்கொண்டிருப்பதை விரும்பும். மட்டைத் துண்டும் கரியும் மட்டும் நிரப்பிய தொட்டியே அதற்குப் போதும், மண் வேண்டாம். மெயின்லேண்டில் இதற்காக நிழற்குடில் கட்டி, பனிபோலத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் போட்டுச் செலவழிக்கிறார்கள். அந்தக் காற்று இங்கே இலவசம். ஒரு பூ செடியிலேயே வாரக்கணக்கில் நிற்கும், வெட்டி ஜாடியில் வைத்தாலும் சீக்கிரம் வாடாது. காராசர்மாவில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் (1978இல் தொடங்கியது, நம் ஊர்க்காரர்கள் 'காரி' என்று சொல்வார்களே, அதுதான்) தென்னை, பாக்குத் தோப்பு நிழலில் ஆந்தூரியம், ஆர்க்கிட் போன்ற மலர்களை வளர்ப்பது பற்றி வேலை செய்திருக்கிறது.

ஆந்தூரியத்தில் ஒரு நோய்க்கு மட்டும் விழிப்பாக இருங்கள். இலை ஓரத்தில் தண்ணீர் கோத்ததுபோல் புள்ளி தோன்றும், சுற்றி மஞ்சள் வளையம் விழும், பிறகு பழுப்பாகிக் கருகும். இது பாக்டீரியா. மழைத்துளி தெறித்து இலைக்கு இலை தாவும். அந்த இலையை அன்றே வெட்டி, கத்தரிக்கோலை ஸ்பிரிட் வைத்துத் துடைத்த பிறகுதான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.

நிழலுக்கு இன்னும் ஏராளமான செடிகள் உண்டு. அக்லோனிமா, கலேடியம், டிரசீனா எல்லாம் இங்கே கேட்காமலே செழிக்கும். குரோட்டன்ஸ் மலேசியத் தீவுக்கூட்டப் பக்கத்துச் செடி, நம் தட்பவெப்பம் அதற்குப் பிறந்த வீடு. பாதி வெயில் படும் இடத்தில் வைத்தால்தான் சிவப்பும் மஞ்சளும் எடுப்பாக வரும். ஹெலிகோனியாவும் தீப்பந்த இஞ்சியும் இரண்டு ஆள் உயரம் போகும், மூலையில் நட இடமிருந்தால் மட்டும் வையுங்கள். செம்பருத்தி வருடம் முழுக்கப் பூக்கும். கோடையில் நுனியில் மாவுப்பூச்சி அடைந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடித்தால் போதும்.

ஆர்க்கிட் வாங்குபவர்கள் கலப்பின டென்ட்ரோபியத்தில் தொடங்குங்கள். நர்சரியிலிருந்து வந்த பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துவிட்டு, மட்டையில் வைத்துப் பாக்கு மரத் தண்டில் கட்டிவிடுங்கள். வேர் மரத்தைப் பிடித்துக்கொண்டால் மழையில் அழுகும் பயம் இல்லை. 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் வாரம் ஒரு முறை தெளித்தால் தாராளம்.

நம் தீவுகளில் தானாக வளரும் ஒரு டென்ட்ரோபியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் புறா ஆர்க்கிட் என்ற பெயர் வாங்கியது, வெள்ளையாக, உதட்டில் மஞ்சள் கீற்றோடு, வாசனையாகப் பூக்கும். சாதாரண நாளில் மரத்தில் அது இருப்பதே தெரியாது. ஒரு பெருமழை அடித்து வெப்பம் திடீரென்று ஐந்து டிகிரி போல இறங்கினால், அதுவரை உறங்கிய மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து வளரத் தொடங்கும். ஏறத்தாழ ஒன்பதாம் நாள் ஒரு வட்டாரத்திலுள்ள அத்தனை செடியும் சேர்ந்து பூக்கும். பூவுக்கு ஆயுள் ஒரு நாள். தனியாகப் பூத்தால் மகரந்தம் கொண்டுபோகும் தேனீக்கு அடுத்த பூ கிடைக்காது. சேர்ந்து பூத்தால் காய் பிடிக்கும் வாய்ப்பு கூடும். பெருமழை அடித்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து ஒன்பதாம் நாள் காலையில் பெரிய மரங்களை அண்ணாந்து பாருங்கள். பார்ப்பதோடு நிறுத்துங்கள். காட்டுச் செடியைப் பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே அழிவு அபாயமுள்ள உயிரினங்களுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் (CITES) பட்டியலில் இருக்கிறது. பிடுங்கி வந்தவை வீட்டில் பிழைப்பதும் அரிது.

மல்லிகையை விட முடியாதவர்களுக்கு

"எல்லாம் சரிக்கா, தலையில வைக்க ஒரு முழம் பூ வேணாமா?" என்று திருநெல்வேலித் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். வேண்டும்தான். அபர்தீன் பஜாரில் விற்கும் பூவில் பெரும்பகுதி சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விமானத்தில் வருகிறது. விலையும் அதற்கேற்பத்தான். ஒரு தொட்டி மல்லிகை வீட்டில் இருந்தால் அதன் அருமை இங்கே தனி.

மல்லிகை வெயிலுக்குப் பூக்கும் செடி. மழை மாதங்களில் இலையாகத் தழைக்கும், பூ எதிர்பார்க்காதீர்கள். மழை ஓயும் டிசம்பரில் அரைப்பாகம் கவாத்து செய்து, இலைகளை உருவிவிட்டு, தண்ணீரைக் குறைத்துக் காயப் போடுங்கள். ஜனவரிக் கடைசியில் எருவிட்டு மறுபடி தண்ணீர் கொடுத்தால் புதுத் துளிரோடு மொட்டு வரும். பிப்ரவரியிலிருந்து மே மழை வரை உங்கள் வீட்டுப் பூ.

ரோஜாவுக்கும் காலம் அதுதான். டிசம்பரிலிருந்து ஏப்ரல். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி நோய் வந்து கொட்டிப் போவதைத் தடுக்க, மழை படாமல் ஒளி மட்டும் படும் கூரை விளிம்புக்கு அடியில் வைக்க வேண்டும். பெரிய பூ விடும் ஒட்டு ரகங்களைவிடச் சின்னப் பூ பூக்கும் நாட்டு ரகமும் பன்னீர் ரோஜாவும் இந்தக் காற்றுக்குத் தாக்குப் பிடிக்கின்றன.

செண்டுமல்லியை மட்டும் கணக்குப் போட்டு விதைக்கலாம். விதைத்ததிலிருந்து 60 முதல் 75 நாளில் பூத்துவிடும். இந்த ஊரில் தமிழர்களின் பெருவிழா பங்குனி உத்திரம். காவடியும் அலங்காரமுமாக ஊரே பூக் கேட்கும் நேரம், மெயின்லேண்டுப் பூவின் விலை உச்சத்தில் இருக்கும். ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி விதையைப் போட்டால் மார்ச் கடைசிக்கு மாலைக்குப் பூ தயார். மழையும் இருக்காது, பூ அழுகாது. ஒரு தெருவில் நாலு வீடு சேர்ந்து செய்தால் கோயிலுக்கே கொடுக்கலாம்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் ஆண்டில் விழும் மழை, 3,000 மில்லிமீட்டர் கணக்கில், சுமார் 2,80,000 லிட்டர். அதில் ஆயிரம் இரண்டாயிரம் லிட்டரை ஒரு சின்டெக்ஸ் டேங்கில் நவம்பர், டிசம்பரில் பிடித்து மூடி வைத்தாலே தொட்டிச் செடிகளுக்குப் பெரிய ஆறுதல். அதைச் செலவழிக்காமல் காப்பது மூடாக்கு. மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி செடியைச் சுற்றிப் புதைத்துவிடுங்கள், தென்னந்தோப்பில் காலம் காலமாகச் செய்வதுபோல. ஊற்றிய தண்ணீரை அது பிடித்து வைத்து மெதுவாகக் கொடுக்கும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரும் வீணாக வேண்டாம்.

இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு

மழைக்கால இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் எதிரியைப் பார்த்துவிடலாம். உள்ளங்கை நீளத்துக்குப் பழுப்பு வரி ஓடிய கூம்புச் சங்கு, முன்னால் நீட்டிய கொம்பு, பின்னால் பளபளக்கும் கோழைத் தடம். ஆந்தூரிய இலையில் ஏறி உட்கார்ந்து நாக்கால் அரம் போட்டு ராவுவது, சுற்றிலும் அமைதியாக இருந்தால் காதுக்கே கேட்கும். காலையில் இலையில் சல்லடை மட்டும் மிச்சம்.

இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. இரண்டாம் உலகப்போரில் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் தீவுகளைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இது இங்கே வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஒரே நத்தைக்குள் ஆண், பெண் இரண்டு உறுப்பும் உண்டு. ஒரு ஈட்டில் நூறு முட்டைக்கு மேல்கூட மண்ணுக்குள் இடும்.

செய்ய வேண்டியது இதுதான். நனைந்த சாக்கின் கீழ் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தழையும் போட்டு வையுங்கள். இரவில் அங்கே கூடும். கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசல் உள்ள வாளியில் போட்டு, மறுநாள் கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள். உப்பைச் செடி அடியில் தூவ வேண்டாம், மண் கெடும். வெறும் கையால் தொட வேண்டாம், குழந்தைகளையும் தொட விடாதீர்கள். எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியை இந்த நத்தை சுமக்கக்கூடும். மனித உடலுக்குள் போனால் அது மூளை உறையைத் தாக்கும். தோட்டத்துக் கீரையைப் பச்சையாகச் சாப்பிடாமல் கழுவிச் சமைத்துச் சாப்பிடச் சொல்வதும் இதனால்தான். கடையில் விற்கும் நத்தை மருந்தை நாய், பூனை இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள், அவற்றின் உயிருக்கு ஆபத்து.

பலரும் தவறவிடும் நேரம் ஒன்று உண்டு. ஜனவரியில் மண் காய்ந்ததும் நத்தை கண்ணில் படாது, ஒழிந்தது என்று விட்டுவிடுவார்கள். அது சங்கின் வாயை மூடிக்கொண்டு தொட்டிக்கு அடியிலும், செங்கல் இடுக்கிலும், குப்பைக்குள்ளும் உறங்குகிறது. வறண்ட மாதங்களில் அந்த இடங்களைப் புரட்டிப் பொறுக்கிவிட்டால் ஜூனில் வேலை பாதியாகிவிடும்.

வேலி தாண்டும் செடிகள்

உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் இந்த நத்தை இருக்கிறது. அதே பட்டியலில் உண்ணிச்செடி இருக்கிறது, ஆகாயத்தாமரை இருக்கிறது, வெடேலியா இருக்கிறது. இந்த மூன்றும் அழகுக்காக மனிதர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன செடிகள்.

வெடேலியா உங்களில் பலர் வீட்டு வாசலில் இருக்கும். தரையில் படர்ந்து, பளபளப்பான இலையோடு, மஞ்சள் டெய்சிப் பூ பூக்கும் செடி. பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லித்தான் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். பராமரிப்பு வேண்டாம் என்பதற்கு அர்த்தம், அதைத் தடுக்க இங்கே எதுவும் இல்லை என்பதே. கணு தரையைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும். வெட்டிய தண்டை நாலாவில் (வாய்க்காலில்) எறிந்தால் மழைத் தண்ணீர் அதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் நடும். கீழே வேறு விதை முளைக்க இடம் விடாது.

நம் தீவுகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் காடு. அந்தக் காட்டில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடிகள் இருக்கின்றன. மெயின்லேண்டில் ஒரு செடி ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னொரு மாவட்டத்தில் மிஞ்சும். இங்கே சுற்றிலும் கடல், ஒதுங்கிப் பிழைக்க வேறு நிலம் கிடையாது.

வெளியிலிருந்து வந்தது என்ன செய்யும் என்பதைப் பார்க்க ராஸ் தீவுக்குப் போய் வாருங்கள், இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து பிரிட்டிஷ்காரர்களின் தலைமையகம். பங்களா, தேவாலயம், டென்னிஸ் மைதானம், தோட்டம் என்று தங்கள் ஊரையே அங்கே கட்டிக்கொண்டார்கள். 1941 ஜூன் நிலநடுக்கமும் அடுத்த ஆண்டு ஜப்பானியர் வருகையும் அதை முடித்துவைத்தன. சுவர்களைக் கிழித்துக்கொண்டு இறங்கும் ஆல, அத்தி வகை வேர்களைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது புள்ளிமான்களை. அந்தமானில் இயற்கையாக மான் கிடையாது, பிரிட்டிஷார் கொண்டுவந்தவை. வேட்டையாட இங்கே புலியோ சிறுத்தையோ இல்லாததால் தீவு தீவாகப் பெருகின. மானுக்கு எட்டும் உயரத்தில் தளிர் தங்குவது அரிது. காட்டின் அடுத்த தலைமுறை மரம் கன்றிலேயே மேயப்படுகிறது. கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், மான் இருக்கிறது.

ஆகவே சில பழக்கம் வேண்டும். கப்பலில் செடி கொண்டுவந்தால் மண்ணோடு கொண்டுவராதீர்கள். வேர்ப்புழு, எறும்பு, பூச்சி முட்டை எல்லாம் மண்ணில்தான் பயணம் செய்யும். வேரைக் கழுவி ஈரத் துணியில் சுற்றியோ, வெறும் குச்சியாகவோ கொண்டுவரலாம். புதுச் செடியை மற்ற செடியோடு சேர்க்காமல் சில வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். கவாத்துக் கழிவை நாலாவிலோ காட்டோரத்திலோ எறியாமல் நன்றாகக் காயவைத்து மட்க விடுங்கள். மீன் தொட்டியின் நீர்ச்செடியைக் குளத்தில் விடாதீர்கள்.

இங்கேயே பிறந்த செடிகள்

கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் உப்புக் காற்று எல்லாவற்றையும் கருக்குகிறது என்பார்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததில், சிப்பிகாட் போன்ற இடங்களில் உப்பு நீர் வயலுக்குள்ளேயே வந்து தங்கிவிட்டது. அப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் அரளியும் காகிதப்பூவும் தாங்கும். அவற்றைவிட நன்றாகத் தாங்குபவை நமக்கு நெடுநாள் பழக்கமானவை: புன்னை, பூவரசு, தாழை. தமிழில் நெய்தல் நிலத்துக்கு அடையாளமாக நின்ற புன்னையும் தாழையும், அவற்றோடு பூவரசும் அந்தமான் கடற்கரையில் தாமாகவே வளர்கின்றன. புன்னையை வெட்டி வெட்டி அடக்கினால் வேலியாகவும் நிற்கும். அதன் வெள்ளைப் பூவின் வாசனைக்கு எந்த ஒட்டு ரோஜாவும் இணையில்லை. பூவரசம் போத்தை மழைக்காலத்தில் ஊன்றினாலே போதும்.

பெரிய மனை இருப்பவர்கள் அந்தமான் பின்மா நடலாம். நம் ஊர்ப் பூமருதின் இனம், இந்தத் தீவுகளுக்கே உரியது, யூனியன் பிரதேசத்தின் மலராக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சின்ன வீட்டு நிழல் மூலைக்குப் பறவைக்கூட்டுப் பெரணி. காட்டு மரக் கிளைகளில் கூடை கூடையாகத் தொங்கும் அதே பெரணியை நர்சரியில் வாங்கி மட்டையில் வைத்தால், நடுவில் விழும் சருகையே உரமாக்கிக்கொண்டு வளரும். 1972இல் போர்ட் பிளேரில் மையம் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்குத் தனிக்காரியில் ஒரு தோட்டம் இருக்கிறது. தீவுகளின் செடிகளை அங்கே வளர்க்கிறார்கள். பிள்ளைகளோடு ஒரு நாள் போய் வாருங்கள். நாம் வாழும் இடத்தின் செடி எது, வந்து ஒட்டிக்கொண்டது எது என்று அவர்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிவது நல்லது.

புதிதாக வந்து வெறும் பால்கனியோடு நிற்பவர் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் என் பட்டியல் இது: வெயிலுக்கு ஒரு செம்பருத்தியும் ஒரு குரோட்டன்ஸும், நிழலுக்கு ஒரு ஆந்தூரியமும் ஒரு பறவைக்கூட்டுப் பெரணியும், ஆசைக்கு ஒரு மல்லிகை. முதல் நான்கும் நம் மழையில் மகிழ்ந்து வளரும், ஐந்தாவது வறண்ட மாதத்தில் கைகொடுக்கும். வருடத்தில் எந்த மாதமும் பூவோ நிறமோ இல்லாமல் போகாது. வாசலில் வெடேலியா இருப்பவர்கள் இந்த மழைக்கு முன்பே அதைக் கணு விடாமல் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் இட்லிப்பூ நடுங்கள். மெயின்லேண்டுத் தோட்டத்தை இங்கே பெயர்த்து வைக்க நாம் செலவழிக்கும் பணமும் உழைப்பும் இந்தத் தீவு விரும்பும் செடிக்குப் போனால், அதில் பாதியிலேயே இரு மடங்கு பூக்கும். காட்டுக்கும் நம்மால் ஒரு தொந்தரவும் இருக்காது.